நடுக்கம் நின்ற ஆர்இ-201

மாயவரத்து மெல்லிசைக் குழுவின் கிதார்காரர் கொண்டுவந்த ரோலண்ட் ஆர்இ-201 என்ற டேப் எதிரொலிக் கருவி இப்போது அலையாமல் ஓடுகிறது. முனைகள் ஒட்டிய டேப் வளையத்தில் (லூப்) ஒலியைப் பதிந்து, சற்றுத் தாமதமாகத் திருப்பி ஒலிப்பது அதன் வேலை. 1974இல் வந்த மாடல் அது. அதன் எதிரொலியின் கதகதப்பை எந்த டிஜிட்டல் பெட்டியும் தந்து நான் கேட்டதில்லை. டேப்பில் பதிந்து படிக்கும் ஹெட்களைத் துடைத்து காந்தம் நீக்கியது, பவர் சப்ளைக் கெப்பாசிட்டர்களை மாற்றியது எல்லாம் வழக்கமான வேலை. உயிரை வாங்கியது பிஞ்ச் ரோலர்தான். மோட்டார் சுற்றும் கேப்ஸ்டன் தண்டோடு டேப்பை அழுத்திப் பிடித்து ஓடவைக்கும் ரப்பர் உருளை அது.

நீண்ட சுரம் ஒன்றைப் பிடித்தால் எதிரொலி மட்டும் தள்ளாடியது. இந்த இடத்தில் எதையும் கழற்றுவதற்கு முன் நடுக்கத்தை எண்ண வேண்டும். டேப்பின் வேகம் நொடிக்கு 19 செ.மீ. என்று கொள்ளுங்கள். 20 மி.மீ. விட்டமுள்ள ரோலர் நொடிக்கு 3 முறை சுற்றும், 3 மி.மீ. கேப்ஸ்டன் தண்டு 20 முறை சுற்றும். மெதுவாக அலைந்தால் ரோலர், படபடத்தால் தண்டு. டேப்பின் முனைகளைச் சேர்த்த ஒட்டில் கோளாறு என்றால் லூப் முழுதாக ஒருமுறை சுற்றி வந்த பிறகுதான் தட்டும். இதில் கேட்டது மெதுவான அலைச்சல்.

ரோலரின் ரப்பர் கண்ணாடிபோல் இறுகியிருந்தது. முன்பு பழுது பார்த்த ஒருவர் டேப் வழுக்குவதை மறைக்க ஸ்பிரிங்கை முறுக்கி அழுத்தத்தைக் கூட்டிவிட்டார். பார்த்ததும் கோபம் வந்தது. அந்த அழுத்தத்தில் மோட்டாரும் புஷ்ஷும் அல்லவா தேயும்?

நெல் அரைக்கும் ஊரில் ரப்பர் ரோலருக்குப் பஞ்சமில்லை. ஆனால் உமி நீக்கும் ரோலரின் ரப்பர் இதற்கு மிகக் கடினம். அச்சு இயந்திர ரோலர்களுக்கு ரப்பர் போடுபவரிடம் மெத்தென்ற நைட்ரைல் ரப்பர் கிடைத்தது. சிறு வேலை என்று அலுத்துக்கொள்ளாமல் ஒட்டிக் கொடுத்தார். கும்பகோணம் லேத் பட்டறை மாஸ்டர், உளி வைத்தால் ரப்பர் விலகி ஓடும் என்று சொல்லி, வேகமாகச் சுழலும் அரவைக்கல்லால் துளித் துளியாகத் தேய்த்தார். ரோலரை அதன் சொந்த அச்சிலேயே மாட்டித் தேய்த்ததுதான் முக்கியம். வேறு தண்டில் மாட்டினால் வட்டம் மையம் விலகிவிடும். இரு விளிம்பிலும் விட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று மைக்ரோமீட்டரில் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு பக்கம் சரிந்தால் டேப் மேலேறிச் சுருண்டுவிடும். ஸ்பிரிங்கை டேப் வழுக்காத அளவுக்கு மட்டும் வைத்தேன்.

ஐப்பசி அடைமழை வருவதற்குள் உபரி டேப்பைச் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் அடைக்க வேண்டும். எழுபதுகளின் சில டேப்களில் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும், ஹெட்டெல்லாம் பழுப்பாகிவிடும்.

நேரடி ஒலியைத் துண்டித்து எதிரொலியை மட்டும் வெளியே விடும் சுவிட்ச் இன்னும் பாக்கி. மிக்ஸரின் ஆக்ஸ் வழியாக, அதாவது ஒலியை வெளிக் கருவிக்குத் தனியே அனுப்பும் வழியில், பாடகர் குரலுக்கும் பயன்படுத்த அது வேண்டும் என்கிறார் கிதார்காரர். பலகையில் துளை போடாமல், பின்புறம் ஏற்கெனவே உள்ள ஒரு ஜாக்கையே மாற்றிப் பார்க்க எண்ணம். அதற்குள் நாகூரிலிருந்து வாட்கின்ஸ் காப்பிகேட் என்ற இன்னொரு டேப் எதிரொலிக் கருவி வந்து மேசையில் இருக்கிறது. அதன் லூப் மிகக் குட்டை, ஒட்டு அடிக்கடி ஹெட்டைத் தாண்டும். சாய்வாக வெட்டி ஒட்டிப் பழக இன்றே பழைய டேப்பை எடுத்துவிட்டேன்.