ஜெர்மானியரின் சாப்பாட்டு மேசை

ஜெர்மன் உணவு என்றதும் நம்மவர்களில் பெரும்பாலோர் மனத்தில் எழுவது, மொறுமொறுப்பாக வறுத்த பன்றி முழங்காலும், ஒரு லிட்டர் பீர் குவளையும், மியூனிக் நகரத்து அக்டோபர் விழாவின் கூடாரமும்தான். அந்தச் சித்திரம் பொய்யில்லை. ஆனால் அது பவேரியா என்ற ஒரு மாநிலத்தின், அதுவும் அதன் திருவிழா நாள்களின் சித்திரம். வட ஜெர்மனியில் வசிக்கும் எனக்கு, இங்குள்ள வீடுகளின் அன்றாடத்தைப் பார்க்கப் பார்க்க ஓர் எண்ணம் உறுதிப்பட்டிருக்கிறது. இவர்களுடைய சாப்பாட்டைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர், புகழ்பெற்ற பண்டங்களின் பெயர்களை விட்டுவிட்டு, நாளின் எந்த நேரத்தில், ஆண்டின் எந்த மாதத்தில் எது மேசைக்கு வருகிறது என்று கவனிக்க வேண்டும். கடிகாரமும் நாள்காட்டியும்தான் இந்த நாட்டின் சமையலறையை நடத்துகின்றன.

இரவு உணவிலிருந்து தொடங்குகிறேன். நமக்கு மிகவும் புதிதாகத் தோன்றக்கூடியது அதுதான். மாலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில், குறிப்பாக வடக்கிலும் கிழக்கிலும் உள்ள வீடுகளில், 'ஆபென்ட்ப்ரோட்' எனப்படும் மாலை ரொட்டி மேசைக்கு வந்துவிடும். அதற்காக அடுப்பு மூட்டப்படுவதில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் தட்டுக்குப் பதிலாக ஒரு சிறிய மரப்பலகையும் ஒரு கத்தியும் இருக்கும். மேசையின் நடுவில் துண்டு போட்ட ரொட்டிக் கூடை, வெண்ணெய், இரண்டு மூன்று வகைச் சீஸ், மெல்லிசாகச் சீவிய ஹாமும் சாசேஜும், ஈரல் விழுது, காடியில் ஊறிய பிஞ்சு வெள்ளரி, சிவப்பு முள்ளங்கி, கடுகு விழுது ஆகியவை பரப்பி வைக்கப்பட்டிருக்கும். பெரியவர்கள் மூலிகைத் தேநீரோ பீரோ எடுத்துக்கொள்வார்கள். ரொட்டித் துண்டின் விளிம்பு வரை வெண்ணெயைச் சீராகத் தடவி, அதன்மேல் ஒரே ஒரு வகையை மட்டும் வைத்து, இன்னொரு ரொட்டியால் மூடாமல் அப்படியே உண்பதுதான் முறை. அவரவர் துண்டை அவரவரே தயாரித்துக்கொள்வதால், பரிமாறுவதற்கென்று ஒருவர் எழுந்து நிற்க வேண்டியதில்லை; வீட்டில் உள்ள அனைவரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாக எழுகிறார்கள். சமைத்தவர் கடைசியாகச் சாப்பிடும் வழக்கத்தைப் பார்த்து வளர்ந்த என்னை, இந்த மேசையின் மற்ற எந்தச் சிறப்பையும்விட அதிகமாகக் கவர்ந்தது இதுதான்.

இரவில் சூடில்லாத உணவா என்று கேட்பவர்களுக்கு, இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். தொழிற்சாலைகள் பெருகிய காலத்தில் தொழிலாளர்களுக்கு நண்பகலில் ஆலைக் கேன்டீன்களிலேயே சூடான சாப்பாடு கிடைக்கத் தொடங்கியது. பெண்களும் வேலைக்குப் போனார்கள். ஒரு நாளைக்கு ஒரு சூடான வேளை போதும், அது நண்பகல் வேளையாக இருக்கட்டும் என்று ஆனபோது, மாலைக்கு ரொட்டியே மிஞ்சியது. இன்றும் அலுவலகங்களில் பதினொன்றரை மணியிலிருந்து, நடைபாதையில் எதிர்ப்படுகிறவர்கள் ஒருவருக்கொருவர் வணக்கத்துக்குப் பதிலாக 'மால்ட்சைட்' என்று சொல்லிக்கொள்வதை நாள்தோறும் கேட்கிறேன். சாப்பாட்டு வேளையின் பெயரே அந்த நேரத்து முகமனாக நிலைத்திருக்கிறது.

மாலை மேசையில் ரொட்டி மட்டும் சுமாராக இருந்துவிட்டால் மற்ற அனைத்தும் வீண். ஜெர்மன் ரொட்டி நிறுவனத்தின் பதிவேட்டில் 3,000-க்கும் மேற்பட்ட ரொட்டி வகைகள் உள்ளன. 2014-இல் ஜெர்மன் ரொட்டிப் பண்பாடு, அந்நாட்டு யுனெஸ்கோ ஆணையத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இந்த வளத்துக்கு அடிப்படை ரை என்ற தானியம். வடக்கின் மணற்பாங்கான, சத்துக் குறைந்த மண்ணிலும் கடுங்குளிரிலும் கோதுமை திணறும்போது, ரை தளராமல் விளைந்தது. ஆனால் ரை மாவு எளிதில் வசப்படாது. அதில் கோதுமையைப் போல இழுபடும் பசையம் உருவாவதில்லை. மேலும், அடுப்புச் சூட்டில் அதன் மாச்சத்து இளகும் தருணத்திலும் அமைலேஸ் என்ற நொதி விழிப்போடு இருந்து, அந்த மாச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிடும். விளைவாக ரொட்டியின் உட்புறம் களிபோல் ஒட்டிக்கொள்ளும். இதற்குத் தலைமுறைகளின் அனுபவம் கண்ட தீர்வு புளிக்க வைத்த மாவு. அதன் அமிலம் நொதியை அடக்கி, ரொட்டியை உறுதியாக நிற்கச் செய்கிறது. கூடவே அந்த ஆழ்ந்த புளிப்பு மணத்தையும், ஒரு வாரம் வரை கெடாத தன்மையையும் தருகிறது. ஆகவே இந்தப் புளிப்பு சுவைக்காக மட்டும் சேர்க்கப்படுவதில்லை. அது இல்லாமல் நல்ல ரை ரொட்டியே அமையாது.

ரொட்டிகளின் பெயர்களும் மனம்போன போக்கில் வைக்கப்படுபவை அல்ல. மாவில் 90 விழுக்காடு ரை இருந்தால்தான் அதை ரை ரொட்டி என்று விற்கலாம்; முழுத்தானிய ரொட்டிக்கும் அதே 90 விழுக்காடுதான் கணக்கு. வெஸ்ட்ஃபாலியாவின் பம்பர்நிக்கல் குறைந்தது 16 மணி நேரம் வேக வேண்டும். மூடிய பெட்டியில், குறைந்த சூட்டில், நீராவியோடு அத்தனை நேரம் வேகும்போது மாவில் உள்ள சர்க்கரை மெல்லக் கருகிச் சிவந்து, ரொட்டி கருப்பட்டி நிறத்துக்கு வந்துவிடுகிறது. அதை மெல்லிய துண்டாக அறுத்து, உப்பிட்ட வெண்ணெய் தடவிச் சாப்பிட்டால், முதல் கடியில் கசப்பும் பின்னால் ஒரு மெல்லிய இனிப்பும் வரும். புதிதாக வருகிறவர்கள் பலர் அதை ஒரு முறை கடித்துவிட்டு ஒதுக்கிவிடுகிறார்கள். இன்னும் இரண்டு முறை பொறுமையாகச் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்வேன்.

நண்பகல் உணவில் உருளைக்கிழங்குதான் அரசன். பிரஷ்யாவின் மன்னர் இரண்டாம் பிரெடெரிக், இந்தக் கிழங்கைப் பயிரிடச் சொல்லி 1756-இல் ஆணை பிறப்பித்தார். போட்ஸ்டாமில் சான்சூசி அரண்மனைக்கு அருகிலுள்ள அவருடைய கல்லறையின்மேல் மக்கள் இன்றும் உருளைக்கிழங்குகளை வைத்துவிட்டுப் போகிறார்கள். தென்மேற்கே ஸ்வாபியாவுக்குப் போனால் உருளைக்கிழங்கின் இடத்தை, பலகையிலிருந்து கொதிநீரில் சீவிவிடும் ஸ்பெட்ஸ்லெ என்ற முட்டை மாவு நூல்கள் பிடித்துக்கொள்கின்றன. ரைன்லாந்தின் ஞாயிற்றுக்கிழமை மேசையில், பல நாள்கள் காடியிலும் மசாலாவிலும் ஊறிய மாட்டிறைச்சி, உலர்திராட்சை சேர்ந்த இனிப்புப் புளிப்புக் குழம்போடும் சிவப்பு முட்டைக்கோஸோடும் வரும்.

ஞாயிற்றுக்கிழமைக்கென்று வேறொரு வேளையும் உண்டு. மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் காபியும் கேக்கும். உறவினர்களையும் அண்டை வீட்டாரையும் சாப்பாட்டுக்கு அழைப்பதைவிட, இதற்கு அழைப்பதே இங்கே எளிதாகவும் இயல்பாகவும் நடக்கிறது. கேக் என்றால் கிரீம் பூசிய கடைப் பண்டமாக மட்டும் எண்ணிவிடக் கூடாது. பெரிய தட்டில் பரப்பிய புளித்த மாவின்மேல் பழங்களை அடுக்கிச் சுடும் வீட்டுக் கேக்தான் பெரும்பாலும் கிடைக்கும். வசந்தத்தில் ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு, ஜூனில் ஸ்ட்ராபெர்ரி, கோடையின் முடிவில் நீல பிளம், இலையுதிர் காலத்தில் ஆப்பிள் என்று பழம் மாறிக்கொண்டே இருக்கும். காபியை வடிதாளில் வடிகட்டும் முறையும் இந்த நாட்டில் ஓர் இல்லத்தரசி கண்டுபிடித்ததுதான். ட்ரெஸ்டன் நகரத்து மெலிட்டா பென்ட்ஸ், காபியில் கசடு தங்குவதைப் பொறுக்காமல், பித்தளைக் குவளை ஒன்றின் அடியில் ஆணியால் துளையிட்டு, மகனுடைய பள்ளி நோட்டிலிருந்து எடுத்த மை ஒற்றும் தாளை அதில் பொருத்தி வடிகட்டினார். 1908-இல் அதைப் பதிவும் செய்தார்.

நாள்காட்டியின் ஆட்சியைப் பார்க்க வேண்டுமென்றால் ஏப்ரல் நடுவில் ஜெர்மனிக்கு வர வேண்டும். அப்போது தொடங்குவது வெள்ளை அஸ்பாரகஸின் காலம். இந்தத் தண்டு வெயில் படாமல் வளர்ந்தால்தான் வெள்ளையாக இருக்கும். அதற்காக வயல்களில் நீண்ட மண்மேடுகளை எழுப்பி, தண்டின் நுனி மண்ணில் வெடிப்பு ஏற்படுத்தும் தருணத்தில் கையை உள்ளே விட்டு, ஒவ்வொன்றாக வெட்டி எடுக்கிறார்கள். பிரான்டன்பர்க்கின் பேலிட்ஸ், பாடன் பகுதியின் ஷ்வெட்சிங்கன், கீழ்ச் சாக்சனியின் நீன்பர்க் ஆகிய ஊர்கள் இதற்கே பெயர்பெற்றவை. சாலையோரங்களில் சிறு கடைகள் முளைக்கும். உணவகங்கள் அஸ்பாரகஸுக்கென்றே தனி உணவுப் பட்டியல் அச்சிடும்.

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் வசிக்கும் மூதாட்டி ஒருவர்தான் எனக்கு அதைத் தோல் சீவக் கற்றுத் தந்தார். தண்டைக் கையில் தூக்கிப் பிடித்துச் சீவினால் அது ஒடிந்துவிடும். முன்கையின்மேல் படுக்க வைத்து, மொட்டுக்குச் சற்றுக் கீழே தொடங்கி அடி வரை ஒரே இழுப்பாகச் சீவ வேண்டும். நார் சிறிதளவு தங்கினாலும் வாயில் மரச்சக்கை போல நிற்கும். சீவிய தோலையும் வெட்டிய அடிக்கட்டையையும் அவர் எறிவதில்லை. அவற்றை முதலில் கொதிக்க வைத்து, வடித்த நீரில் கொஞ்சம் உப்பும் சர்க்கரையும் வெண்ணெயும் போட்டு, அதிலேயே தண்டுகளை வேக வைப்பார். எஞ்சும் நீர் மறுநாள் சூப்பாகிவிடும். வெந்த தண்டுகளுக்குப் புதிய உருளைக்கிழங்கு, ஹாம், உருக்கிய வெண்ணெய் அல்லது முட்டையும் வெண்ணெயும் சேர்ந்த ஹாலண்டேஸ் குழம்பு ஆகியவையே துணை. இதில் மசாலா என்று எதுவுமே இல்லை. பூமியின் மெல்லிய கசப்பும் வெண்ணெயின் இனிமையும் மட்டும் இருக்கும் இந்தத் தட்டை, மிளகாய்க்குப் பழகிய நாக்கு முதலில் சப்பென்று உணரக்கூடும். ஆனால் நேற்று வெட்டிய தண்டுக்கும் இன்று வெட்டிய தண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சுவைத்து அறியும் அளவுக்கு நாக்கு கூர்மைப்பட, இதைப் போன்ற எளிய சமையல்தான் உதவுகிறது என்பது என் அனுபவம்.

ஜூன் 24, புனித யோவான் நாள் வந்ததும் அறுவடை நின்றுவிடும். அதற்குப் பிறகு முளைக்கும் தண்டுகளை வெட்டாமல் வளரவிட்டால்தான், செடி அடுத்த ஆண்டுக்கான சத்தை வேரில் சேர்த்துக்கொள்ளும். இறக்குமதிச் சரக்கு ஆண்டு முழுவதும் கிடைத்தாலும், பலர் அதைத் தொடுவதில்லை. காத்திருப்பதும் அந்தச் சுவையில் ஒரு பகுதி என்றே கருதுகிறார்கள். அதேபோல் குளிர்காலத்தில் ஓல்டன்பர்க், பிரேமன் பக்கங்களில் கேல் கீரையைப் பன்றிக்கொழுப்பும் ஓட்ஸும் கலந்த சாசேஜோடு நெடுநேரம் வேகவைத்து உண்பது, நவம்பர் 11 புனித மார்ட்டின் நாளையொட்டி வறுத்த வாத்து, கிறிஸ்துமஸ் வரும்போது ட்ரெஸ்டனின் ஸ்டொல்லன் ரொட்டி என்று ஆண்டு நகர்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்பில் வெண்ணெய் விலக்கப்பட்டிருந்ததால், ஸ்டொல்லன் ஒரு காலத்தில் எண்ணெயில் செய்த வறட்டுப் பண்டமாகத்தான் இருந்தது. 1491-இல் போப் எட்டாம் இன்னொசென்ட் வெண்ணெய்க்கு அனுமதி அளித்த பிறகே அது இன்றைய செழுமையை அடைந்தது.

பவேரியாவைத் தொடக்கத்தில் தள்ளி வைத்தேன். ஆனால் அங்கும் கடிகாரத்தின் ஆணை செல்லுபடியாகிறது. மியூனிக்கின் வெள்ளைச் சாசேஜ், நண்பகல் மணி அடிக்கும் முன் உண்ணப்பட வேண்டும் என்பது மரபு. குளிர்சாதனம் இல்லாத காலத்தில், விடியற்காலையில் செய்த அந்த மென்மையான இறைச்சி அதற்குமேல் தாங்காது. பவேரியாவின் பீர்த் தோட்டங்களில் நான் மிகவும் மதிப்பது பீரை அல்ல, ஓர் உரிமையை. 1812-இல் மன்னர் முதலாம் மாக்சிமிலியன் யோசஃப், மது வடிப்போர் தங்கள் நிலவறைகளிலேயே பீர் விற்கலாம், ஆனால் ரொட்டியைத் தவிர வேறு உணவு விற்கக் கூடாது என்று கட்டளையிட்டார். அதனால் மக்கள் உணவைத் தாங்களே கொண்டுவந்தார்கள். அந்தத் தடை எப்போதோ நீங்கிவிட்டது. ஆனாலும் கட்டுச்சோற்றோடு வந்து, நிழல் தரும் செஸ்நட் மரங்களின் அடியில் மேசை விரிப்பு விரித்து, வாங்கிய பீரோடு வீட்டு உணவை உண்ணும் உரிமை இன்றும் நிலைத்திருக்கிறது.

மேசை நாகரிகம் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். அனைவர் முன்னும் உணவு வந்து, 'நன்றாகப் பசித்து உண்ணுங்கள்' என்ற பொருளில் 'குட்டன் ஆப்பெட்டிட்' என்று சொல்லும் வரை யாரும் தொடுவதில்லை. மணிக்கட்டுகள் மேசை விளிம்பில் இருக்க வேண்டும். கையை மடியில் வைத்துக்கொள்வது முறையில்லை. குவளைகளை மோதும்போது ஒவ்வொருவரின் கண்ணையும் பார்த்தே மோத வேண்டும். வேகவைத்த உருளைக்கிழங்கைக் கத்தியால் வெட்டாமல் முள்கரண்டியால் பிளக்கிறார்கள். அப்படிப் பிளந்த கிழங்கின் சொரசொரப்பான பரப்பு குழம்பை நன்றாக உறிஞ்சும். உணவகத்தில் பணம் கொடுக்கும்போது சேர்த்தா, தனித்தனியாகவா என்று பணியாளரே கேட்பார். நண்பர்கள் தனித்தனியாகக் கொடுப்பதை இங்கே யாரும் குறைவாக நினைப்பதில்லை. ஐந்து முதல் பத்து விழுக்காடு அன்பளிப்பைச் சேர்த்து, மொத்தத் தொகையை வாயால் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவையும் எழுதும்போது ஒரு கவலையையும் மறைக்க விரும்பவில்லை. 1950-களில் மேற்கு ஜெர்மனியில் மட்டும் 50,000-க்கும் மேற்பட்ட கைவினை ரொட்டிக்கூடங்கள் இருந்தன. இன்று ஒன்றுபட்ட நாடு முழுவதிலும் அவை 10,000-க்கும் கீழே இறங்கிவிட்டன. எரிசக்திச் செலவும், இரவில் எழுந்து மாவு பிசைய இளைஞர்கள் கிடைக்காமையும், பேரங்காடிகளில் உறைந்த மாவைச் சுட்டு மலிவாக விற்பதும் அவற்றை நெருக்குகின்றன. ஜெர்மனிக்கு வருகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்ற கடைகள் எல்லாம் மூடியிருக்கும்போது சில மணி நேரம் மட்டும் திறந்திருக்கும் ரொட்டிக்கடையைத் தேடிப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மாவைத் தாங்களே புளிக்க வைக்கிறார்களா என்று தயங்காமல் விசாரியுங்கள். ஆம் என்றால், அரை ரொட்டியாகவும் வாங்கலாம், அறுத்துத் தரவும் சொல்லலாம். ஆனால் அறுக்காமல் வாங்குவதே நல்லது. முழு ரொட்டி காயாமல் அதிக நாள் நிற்கும்.