புதுமண்டபத்துத் தையல்: சித்திரை நாட்குறிப்பு

ஏப்ரல் 13, 2025, ஞாயிறு

அக்கா மகனுக்கு இந்த வருஷம் சித்திரைத் திருவிழாவில் அழகர் வேஷம் போடுவதாக நேர்த்திக்கடன். துணி தைக்கக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. மதுரைக்காரர்கள் இன்னும் "புதுமண்டபத்துல கொடுத்திருக்கேன்" என்றுதான் சொல்கிறோம். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கும் பழைய கல்மண்டபம் அது. தையல் கடைகள் அதற்குள்தான் இருந்தன. ஆனால் அங்கே இப்போது ஒரு தையல் மிஷின்கூட இல்லை. 2018 பிப்ரவரியில் மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. அதற்கப்புறம் கோயிலை ஒட்டிய கடைகளைக் காலி செய்யும் பேச்சு வேகமெடுத்தது. புதுமண்டபத்துக்காரர்களுக்குப் பக்கத்திலேயே குன்னத்தூர் சத்திரத்தில் இடம் கொடுத்தார்கள். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் மாநகராட்சி கட்டிய வளாகம்.

ஏப்ரல் 15

பாய் கடையில் அளவு கொடுத்தாயிற்று. அழகருக்கும் அம்மனுக்கும் தைக்கிற கைகளில் முஸ்லிம் கைகள் பல. இங்கே யாரும் அதை அதிசயமாகப் பேசுவதில்லை.

சல்லடம் தைப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். இடுப்பிலிருந்து முழங்கால் வரை வரும் உடுப்பு. சிவப்பு வெல்வெட்டை வெட்டி, உள்ளே காடாத்துணி வைத்து, ஓரம் முழுக்க ஜரிகைப் பட்டை ஓட்டுகிறார். வளைவு வரும் இடத்தில் மிதியை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கையாலேயே உருட்டுகிறார். ஜரிகை சுருங்கிவிடக் கூடாதாம். மணிகளைக் கடைசியில் கையால் தைப்பார். பையனுக்கு அளவெடுக்கும்போது இடுப்பில் நாலு விரல் தளர்வு விட்டார். "தம்பி, ஆடுற புள்ளைக்கு மூச்சு முட்டக் கூடாதுல்ல?"

கச்சை, தலைக்கு உருமால் எல்லாம் சேர்த்து ஒரே ஆர்டர்.

ஏப்ரல் 20

புதுமண்டபத்திலிருந்து கடைகளை எடுத்தது சரிதான் என்பேன். திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் வைகாசி வசந்த உற்சவத்துக்காகக் கட்டிய மண்டபம் அது. மொத்தம் 124 தூண்கள். சின்ன வயதில் அங்கே எத்தனையோ முறை போயிருக்கிறேன். கல்யானை கரும்பு வாங்கும் சிற்பம் அங்கே இருக்கிறது என்பதே கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரியும். தொம்பையும் (கோயிலில் தொங்கவிடும் குழல்போன்ற துணி அலங்காரம்) அம்மன் பாவாடையும் வளையலும் பித்தளைக் குத்துவிளக்கும் அத்தனையையும் மறைத்துத் தொங்கும்.

ஆனால் அந்தத் தொங்கல்தான் இவர்களுக்கு விளம்பரம். கிழக்குக் கோபுரத்தில் சாமி கும்பிட்டு வெளியே வருகிறவர் கண்ணில் தொம்பை படும். "நம்ம ஊர்க் கோயிலுக்கும் ஒண்ணு வாங்கிருவோமே" என்று தோன்றும். வியாபாரத்தில் பாதி அப்படித்தான் நடந்தது. ஷட்டர் வைத்த கடைக்குத் தேடி வருகிறவன் மட்டும்தான் வருவான். கட்டடம் போட்டவர்கள் சதுர அடியைக் கணக்கிட்டார்கள், இந்த நடையைக் கணக்கிடவில்லை.

ஏப்ரல் 29

இன்று கோயிலில் கொடியேற்றம். பட்டன் வாங்க வளாகத்துக்குப் போனேன். மேலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பூட்டிய மண்டபத்தைச் சுற்றிவிட்டு, பூக்காரம்மாவிடம் வழி கேட்டு வந்து சேர்ந்திருந்தார்.

"என்ன பாய், இங்கன ஒளிஞ்சுக்கிட்டீக?"

"ஒளிய வச்சுட்டாக அண்ணே. உக்காருங்க, டீ சொல்றேன்."

அவர் வருஷா வருஷம் வருகிறவர். தேடிக் கண்டுபிடித்தார். முதல் தடவை நேர்ந்துகொண்டவர் ரெடிமேட் செட் எங்கே தொங்குகிறதோ அங்கே வாங்கிப் போய்விடுவார். பாய் மகன் செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறான். ஆர்டர் வருகிறதாம், ஆனால் "பாதிப் பேர் விலையை மட்டும் கேட்டுட்டு விட்டுர்றாக" என்றான்.

மே 8

திருக்கல்யாணம். கூட்டத்தில் மாட்டாமல் உடுப்பை நேற்றே வாங்கி வந்தது நல்லதாகப் போயிற்று.

மே 12, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கினார். பையன் தோல் பையால் தண்ணீர் பீய்ச்சியே கை சோர்ந்துபோனான். உடுப்பு முழுக்க நனைந்தும் சாயம் போகவில்லை, ஒரு மணிகூட உதிரவில்லை. பக்கத்தில் ஆடிய ஒருவரின் ரெடிமேட் சல்லடத்தில் ஜரிகை பாதி பிரிந்து காலைச் சுற்றியது. அவரிடம் பாய் நம்பரைக் கொடுத்தேன்.

மே 16

மீதிப் பணம் கொடுக்கப் போனேன். பாய் மேஜையில் மஞ்சள் துணி விரித்துக் கிடக்கிறது. ஆடி மாத அம்மன் கோயில்களுக்குத் தொம்பை, பாவாடை. எங்கள் தெருக் கோயிலுக்கும் இரண்டு தொம்பை சொல்லியிருக்கிறேன். முன்பணம் வாங்க மாட்டேன் என்றார், மகன் வாங்கிக்கொண்டான்.