சுடாத கிண்ணம்

"இன்னைக்கே வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா அண்ணா?"

கோடை வகுப்பில் ஒரு குட்டிப் பெண். தான் செய்த கிண்ணத்தை அம்மாவிடம் காட்டியே ஆக வேண்டும்.

மண்பாண்டம் சொல்லித்தருபவர் பதில் சொல்லவில்லை. காய்ந்து வெளுத்த, சுடாத அகல் ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டார்.

குமிழ் குமிழாக வந்தது. ஓரம் முதலில் உதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அடியில் வெறும் சேறு.

அப்புறம் சூளையில் சுட்ட அகலைப் போட்டார். அது பாட்டுக்குக் கிடந்தது.

வெயிலில் காய்ந்தால் மண் துகள்களுக்கு இடையில் இருக்கும் ஈரம்தான் போகும். களிமண்ணோடு வேதியியலாகப் பிணைந்திருக்கும் நீர் வெளியேற 500, 600 டிகிரி சூடு வேண்டும். அதைத் தாண்டினால்தான் திரும்பச் சேறாகாது. ஈரம் மிச்சமிருக்க அவசரப்பட்டுச் சுட்டாலோ, நீராவியே கிண்ணத்தை உடைத்துவிடும்.

பெரியவர்களும் இருந்தோம். சக்கரத்தில் மண்ணை நடுவில் நிறுத்தவே மூச்சு வாங்கியது. அது தனிக் கதை.

கோடை வகுப்பு என்றாலே அன்றன்றைக்கு ஒரு பொருள் கைக்கு வர வேண்டும், பெற்றோர் ஸ்டேட்டஸ் வைக்க வேண்டும். மண்ணிடம் அது நடக்காது. எனக்குப் பிடித்ததே அதுதான். மானாமதுரையில் கடம் செய்பவர்கள், சக்கரத்திலிருந்து இறக்கிய பிறகும் பலகையால் தட்டிக்கொண்டே இருப்பார்கள். சூளை அதற்கப்புறம்தான்.

பிள்ளைகளைச் சேர்க்குமுன் சூளை இருக்கிறதா என்று கேளுங்கள். பெயின்ட் அடித்து அன்றே கொடுத்துவிட்டால், சரி, அலமாரியில் வையுங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள்.