வீட்டு வரி ரசீதும் அவினாசிலிங்கம் ஐயாவும்

போன வாரம் வீட்டு வரி கட்டிவிட்டு வந்தேன். ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த வீட்டுக்காரர், "ஏம்மா, நூலக வரின்னு தனியா ஒண்ணு போட்டிருக்காங்களே, நாம எந்த நூலகத்துக்குப் போனோம்?" என்றார். அவர் போனதில்லை. நான் போயிருக்கிறேன். பத்தாவது லீவு முழுக்க எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில்தான் கிடந்தேன், அங்கே மின்விசிறி இருந்தது என்பதற்காகவே.

"இந்த வரியைப் போட்டது எங்க காலேஜ் ஐயாதானுங்க" என்றேன். அவர் நம்பவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். 1903இல் திருப்பூரில் வசதியான குடும்பத்தில் பிறந்து, சென்னையில் சட்டம் படித்தவர். கோர்ட்டில் நின்று சம்பாதித்திருக்க வேண்டிய வயதில் சத்தியாக்கிரகத்தில் இறங்கிச் சிறைக்குப் போனார். வெள்ளைக்காரன் காலத்திலேயே டெல்லியில் மத்திய சட்டசபை உறுப்பினர். சுதந்திரத்துக்குப் பிறகு 1952இல் திருப்பூர் தொகுதியின் மக்களவை உறுப்பினர், 1958 முதல் 1964 வரை மாநிலங்களவை. நடுவில் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சர். நூலக வரி வந்தது அந்த மூன்று வருடத்தில்தான். பொது நூலகங்களுக்கென்று 1948இல் சட்டம் வந்தது. அதற்குப் பின்னால் இருந்த மூளை நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன். அதைச் சட்டமாக்கிய கல்வி அமைச்சர் இவர். நூலகம் நடத்த அரசு மனசு வைத்து ஏதாவது கொடுக்கட்டும் என்று விடாமல், சொத்து வரியோடு சேர்த்தே வசூலிக்க வழி செய்துவிட்டார்கள். யார் ஆட்சிக்கு வந்தாலும் அந்தக் காசு வந்தே தீரும். செட்டியார் வீட்டுக் கணக்கு!

உயர்நிலைப் பள்ளியில் பாடங்களைத் தமிழில் சொல்லிக்கொடுக்கச் செய்ததும் அவர் காலத்தில்தான். தமிழில் சொல்லிக்கொடுத்தால் போதுமா, தேடிப் பார்க்கப் புத்தகம் வேண்டாமா? அதற்காக 1946இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். கலைக்களஞ்சியம் அங்கிருந்து வந்தது. முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரன், நம்ம கொங்குக்காரர், ஐயா தொடங்கிய வித்யாலயம் என்ற பள்ளியில் வேலை பார்த்தவர். முதல் தொகுதி 1954இல் வந்தது. பத்தாவது வந்து சேர 1968 ஆகிவிட்டது. மின்விசிறிக்காகப் போன நான் அந்தத் தடித்த தொகுதிகளில் ஒன்றை எடுத்துப் படம் பார்த்துக்கொண்டிருப்பேன். அதை உண்டாக்கியவரின் கல்லூரியில் போய்ச் சேருவேன் என்று அப்போது தெரியாது.

அந்தக் கல்லூரிக்கு வருமுன் அவருடைய பள்ளியைச் சொல்ல வேண்டும். பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கிற ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் 1930இல் அவர் ஆரம்பித்தது. 1934இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் காந்தி. சாதி பார்க்காமல் எல்லாப் பையன்களும் ஒன்றாகத் தங்கி, ஒரே பந்தியில் சாப்பிட்டுப் படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1930இல் கோயமுத்தூர்ப் பக்கம் அது எவ்வளவு பேரின் வாயில் விழுந்திருக்கும் என்று எங்கள் ஊரில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என் தம்பி அங்கேதான் படித்தான். லீவுக்கு வந்தால் தட்டைத் தானே கழுவி வைப்பான். அம்மாவுக்கு அதில் ஒரே பெருமை, எனக்கு ஒரே கடுப்பு, ஏனென்றால் நான் தினமும் கழுவுவதை யாரும் பெருமையாகச் சொன்னதில்லை.

பெண்களுக்கு 1957இல் அவர் ஆரம்பித்தது மனையியல் (ஹோம் சயின்ஸ்) கல்லூரி, நான் படித்தது அதில்தான். 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது, அடுத்த வருடம் நான் சேர்ந்தேன். மில் தொழிலாளியான அப்பா, "சமையல் படிக்கவா பஸ் சார்ஜ் கொடுத்து அனுப்பறேன்?" என்று கேட்டார். எனக்கும் உள்ளுக்குள் அந்தக் கேள்வி இருந்தது. பெண் என்றால் மனையியல் என்று ஒருவர் முடிவு செய்ததில் இன்றும் எனக்கு முழுச் சம்மதம் கிடையாது. ஆனால் என் தெருவில் வேறு எந்தக் கல்லூரிக்கும் அனுப்பியிருக்க மாட்டார்கள். பெண்களுக்கு மட்டும், அதுவும் மனையியல் என்று சொன்னதால்தான் கதவு திறந்தது. உள்ளே போனால் வேதியியல், உயிர்வேதியியல், சத்துணவு, புள்ளியியல். இருபத்தைந்து வருடமாக ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராகச் சம்பளம் வாங்குகிறேன். அப்பாவின் சர்க்கரைக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்ததும் நான்தான். அதை அவர் ஒருநாளும் கடைப்பிடிக்கவில்லை.

ஐயாவை ஒரே ஒரு முறை, ஒரு விழாவில் தூரத்திலிருந்து பார்த்தேன். கதர் வேட்டி, மெலிந்த உருவம். என்ன பேசினார் என்று ஒரு வார்த்தை நினைவில்லை, பசி. கல்யாணம் செய்துகொள்ளாதவர், 1991 நவம்பரில் காலமானார். அப்போது நான் கடைசி வருடம்.

இதையெல்லாம் கேட்ட வீட்டுக்காரர், "அப்போ தொகுதி நிதியிலயே நிறையப் பண்ணியிருக்கார் போல" என்றார். எம்.பி.க்கள் தொகுதிக்குச் செலவு செய்யத் தரும் அந்த நிதியே 1993இல்தான் வந்தது என்றேன். அவர் எம்.பி.யாக இருந்தபோது அப்படி ஒன்று கிடையாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தக் கிளை நூலகம் இன்னும் இருக்குதா?" என்றார்.

இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன். மின்விசிறி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.