நாலாவது மாடி, மார்ச் 2023

மார்ச் 1, புதன்
ராத்திரி நம் கட்டிட சைட்டில் ஆட்கள் தங்குகிற தகர ஷெட்டில் அடுப்பே எரியவில்லை என்று வாட்ச்மேன் தாத்தா சொன்னார். எல்லாரும் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்களாம்.

மார்ச் 2, வியாழன்
செண்ட்ரிங் மேஸ்திரி போனை என்னிடம் நீட்டினார். தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று சுற்றுகிற வீடியோ. ரத்தம், அலறல், நடுவே இந்தியில் ஒரு குரல். பீகாரில் மதுபனியிலிருந்து அவர் அம்மா விடிந்ததிலிருந்து ஏழு தடவை கூப்பிட்டுவிட்டாராம். "மேடம்ஜி, யஹாங் பீ ஆயேங்கே க்யா?" என்றார். இங்கேயும் வருவார்களா என்று கேட்கிறார். இல்லை என்று தலையாட்டினேன். அதற்கு மேல் பேச எனக்கு இந்தி வரவில்லை. ஜல்தி, நீச்சே, பெல்ட் லகாவ், சாமான் லாவ். இரண்டு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் வேலை ஏவும் சொற்கள். பயப்படாதீர்கள் என்று சொல்லத் தெரியாமல் நின்றேன்.

சாயங்காலம் டிஜிபி சைலேந்திரபாபுவின் வீடியோ வந்தது. அந்த வீடியோக்கள் பொய், சுற்றுகிற காட்சிகளில் ஒன்று திருப்பூரில் பீகார்க்காரர்களுக்குள்ளேயே நடந்த சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது என்றார். கம்பி கட்டுகிற, மேற்கு வங்காளத்து மால்டாவிலிருந்து வந்த தம்பிக்குத் தமிழும் வரும், இந்தியும் வரும். அவனை விட்டு ஷெட்டில் சொல்லச் சொன்னேன். கேட்டார்கள். நம்பினார்களா என்று தெரியவில்லை.

மார்ச் 3, வெள்ளி
14 பேர் ஊருக்குப் போய்விட்டார்கள், மேஸ்திரியும். நாளைக்கு வாரக்கூலி. அதற்குக்கூட நிற்கவில்லை.

மார்ச் 4, சனி
தூக்கம் வரவில்லை. கேட்டில் இருக்கிற பாதுகாப்புப் பலகையே கண்ணுக்குள் நிற்கிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறோம். கார்பெண்டர்கள் பீகார், கம்பி மால்டா, கான்கிரீட் கேங் ஒடிசாவின் கஞ்சம். அதை யார் படிப்பார்கள்? தினமும் காலை 8 மணிக்கு எல்லாரையும் நிற்கவைத்துத் தமிழில் பத்து நிமிஷம் பேசுகிறேன், கையெழுத்து வாங்குகிறேன். போன அக்டோபரில் அந்த ஒடியா பையன் சாரத்தில் பெல்ட்டின் கொக்கியை மாட்டாமல் நடந்து சறுக்கினான். வலை இருந்ததால் பிழைத்தான். அன்று காலைதான் பெல்ட் பற்றிப் பேசியிருந்தேன். அவன் கையெழுத்தும் ரெஜிஸ்டரில் இருந்தது. அவனை எவ்வளவு திட்டினேன்! பேசியது அவனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அன்றைக்கு நான் கேட்கவே இல்லை.

பயமுறுத்துகிற வீடியோ மட்டும் அவரவர் மொழியில் தேடி வந்துவிடுகிறது.

மார்ச் 5, ஞாயிறு
பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் திருப்பூரில். மேஸ்திரி போன் ஸ்விட்ச் ஆஃப்.

மார்ச் 8, புதன்
ஹோலியும் மகளிர் தினமும் ஒரே நாளில் வந்திருக்கின்றன. ஷெட்டில் ஒரு துளி வண்ணம் இல்லை. மீதி இருக்கிறவர்களுக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். மால்டா தம்பி எல்லாருக்கும் பங்கிட்டான்.

கள்ளக்குறிச்சி அக்கா பேத்தியை இரண்டாவது மாடித் தூணோரம் தூளியில் போட்டிருக்கிறார். 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால்தான் குழந்தைகள் அறை கட்டாயம் என்கிறது 1996-ஆம் வருஷச் சட்டம். எங்களிடம் இருப்பது 11 சித்தாள்கள். தூளிக்கு மேலேயே சாரம். தரைத்தளத்து ஸ்டோரைக் காலி செய்துவிடலாம். நாளைக்கே.

மார்ச் 10, வெள்ளி
பூச்சு வேலைக்கு ஆள் போதவில்லை. அக்காவிடம் கரண்டியைக் கொடுத்தேன். இருபது வருஷமாகக் கலவை சுமந்தவர், ஒரு தடவைகூட அதைக் கையில் வாங்கியதில்லை. "வேணாம் மேடம், கொத்தனாரு ஏசுவாரு" என்றார். பக்கத்தில் நின்றேன். கலவையை அடித்து, மட்டப்பலகை இழுத்து, மணியாசுக்கட்டையால் தேய்த்து, மத்தியானத்துக்குள் ஒரு சுவரை முடித்துவிட்டார். மட்டக்கோல் வைத்துப் பார்த்தேன், எங்கேயும் சந்து தெரியவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கொத்தனார் தனியாக வந்தார். "வடக்கத்தி ஆளுங்க வந்து எங்க கூலி ஏறாம நிக்குது. இப்ப இவங்களும் கரண்டி புடிச்சா எங்க பொழப்பு என்னாவறது?" அவர் பயமும் பொய்யில்லை. அக்காவுக்கு உங்கள் கூலியே கொடுத்தால் உங்கள் கூலி ஏன் இறங்கப் போகிறது என்று கேட்டேன். பதில் சொல்லாமல் போனார்.

மார்ச் 11, சனி
வருகையும் கூலியும் எழுதுகிற மஸ்டர் ரோலில் அக்கா பெயருக்கு நேரே மறுபடியும் 'சித்தாள், 600'. அடித்துவிட்டு 'கொத்தனார், 950' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அலுவலகத்திலிருந்து மூன்று தடவை போன். சம வேலைக்குச் சம கூலி என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது என்றேன். திங்கட்கிழமை பேசலாம் என்றார்கள்.

மார்ச் 13, திங்கள்
பேசவில்லை.

மார்ச் 16, வியாழன்
நாலாவது மாடியில் பாதிப் பலகையோடு நிற்கிறது ஸ்லாப். கட்டின கம்பியில் துரு ஏறுகிறது. மால்டா தம்பியிடம் இன்று பத்துச் சொற்கள் கற்றேன். டரோ மத். பயப்படாதே. இரண்டே சொல்தான்.

மார்ச் 20, திங்கள்
மேஸ்திரி கூப்பிட்டார்! "டரோ மத்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அவர் அம்மாவிடம் போனைக் கொடுத்தார். அந்த அம்மா நிறையப் பேசினார். "பேட்டா" என்பது மட்டும் புரிந்தது. நானும் தமிழிலேயே, நான் பார்த்துக்கொள்கிறேன் அம்மா என்றேன்.

மார்ச் 26, ஞாயிறு
9 பேர் வந்து இறங்கியிருக்கிறார்கள். மேஸ்திரி இல்லை.

மார்ச் 27, திங்கள்
காலை 8 மணிக்கு நான் தமிழில், தம்பி இந்தியிலும் வங்காளத்திலும், கஞ்சத்துப் பெரியவர் ஒடியாவில். பத்து நிமிஷம் அரைமணி ஆனது. முதல் முறையாகக் கேள்வி கேட்டார்கள். அக்டோபரில் சறுக்கிய பையன்தான் முதலில் கேட்டான், கொக்கியை மாட்ட அந்த மூலையில் கம்பியே இல்லையே என்று. போய்ப் பார்த்தேன். இல்லை.