ஒரு கையால் தின்னக்கூடியது

ஜனவரி 6, 2025, திங்கள்

மகனுக்கு மாலையில் தின்னக் கொடுத்தனுப்பும் டப்பா இன்றும் போனபடியே திரும்பி வந்திருக்கிறது. மினி இட்லி ஆறு, பொடி தடவி, நல்லெண்ணெய் விட்டது. துறைமுகத்தில் இரவுப் பணி முடிந்து வந்து, கண் எரிய அடுப்படியில் நின்று வார்த்தவை. ஒன்றுகூடக் குறையவில்லை. காரணம் கேட்டால், "பிடிக்கவில்லை." அவ்வளவுதான் பதில். நேற்று வீட்டில் அதே இட்லியைப் பன்னிரண்டு தின்றவன் இவன்தான்.

எட்டு வயது. நான்கு மணிக்குப் பள்ளி விட்டதும் நேராக மைதானம், ஆறரை வரை கால்பந்து. சென்னையில் எங்கள் வியாசர்பாடியைக் குட்டி பிரேசில் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். எழுதட்டும். அந்த பிரேசில்காரன் மதியம் பன்னிரண்டரைக்குத் தின்ற சோற்றோடு ஆறு மணி நேரம் தள்ளுகிறான். வீடு திரும்பும்போது முகம் வாடி, தொட்டதற்கெல்லாம் அழுகை. அவன் அம்மா பரிமாறுவதற்குள் தூங்கிவிடுகிறான்.

வாழைப்பழத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தால் போதும், அது அழுகல். வேகவைத்த முட்டைக்கு நாற்றம் என்று பெயர். கொய்யாவில் விதை. சப்பாத்திச் சுருளில் உள்ளே இருப்பது வெளியே தெரிகிறதாம். தெரியாவிட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்ற சந்தேகம்.

ஜனவரி 8, புதன்

கடலைமிட்டாய் செய்தேன். பாகைத் தண்ணீரில் விட்டால் கண்ணாடித் துண்டுபோல் உடைய வேண்டும். நானோ உருட்டுகிற பதத்திலேயே அவசரப்பட்டு இறக்கிவிட்டேன். மாலையில் மிட்டாய், சுற்றிய தாள், கணக்கு நோட்டு மூன்றும் ஒரே உடலாக வந்து சேர்ந்தன. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. என்னுடையதற்குக் குப்பைக்கூடை கிடைத்தது.

நோட்டைச் சுரண்டிக்கொண்டே ஒரு கணக்குப் போட்டேன். இவன் வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,700 கலோரி வேண்டும். அதில் சேர்க்கும் சர்க்கரை 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 5 சதவீதத்துக்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஐந்து சதவீதம் என்றால் 85 கலோரி, அதாவது சுமார் 21 கிராம். தேக்கரண்டியில் ஐந்து. என் மிட்டாயில் பாதி வெல்லம். 40 கிராம் துண்டு ஒன்று தின்றால் அன்றைய பங்கு முடிந்தது. வெல்லத்தை மருந்துபோல் பேசுகிறோம், நானும் பேசியவன்தான். இந்தக் கணக்கில் அதுவும் சர்க்கரைதான்.

ஜனவரி 10, வெள்ளி

இன்று விடுப்பு. இவனுக்குத் தெரியாமல் மைதானத்துச் சுவரோரம் நின்று பார்த்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

பயிற்சியாளர் விசில் ஊதி ஐந்து நிமிடம் விட்டார். இருபது பிள்ளைகளுக்கு ஒரே குழாய். அதில் தண்ணீர் குடிக்கத்தான் வரிசை, கை கழுவ எவன் நிற்பான்? என் மகன் இடது அக்குளில் பந்தை இடுக்கிக்கொண்டு பையிலிருந்து டப்பாவை எடுத்தான். அதற்கு இரண்டு பக்கமும் கொக்கி. இரண்டு கை வேண்டும். பந்தைக் கீழே வைத்தால் அடுத்தவன் உதைத்துக்கொண்டு போய்விடுவான். எப்படியோ முழங்காலில் வைத்துத் திறந்தான். உள்ளே எண்ணெய் தோசைத் துண்டு. தன் விரல்களைப் பார்த்தான், மண். தோசையைப் பார்த்தான். மூடிப் பைக்குள் போட்டுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு ஓடினான்.

பக்கத்தில் ஒருவன் ஐந்து ரூபாய் பாக்கெட் வைத்திருந்தான். பல்லால் கிழித்து, தலையை அண்ணாந்து, பாக்கெட்டை வாயில் கவிழ்த்தான். விரல் படவில்லை, ஒட்டவில்லை, சொட்டவில்லை. மற்றொரு கை சும்மாவே இருந்தது. அந்தப் பாக்கெட்டின் உப்பையும் எண்ணெயையும் திட்டிக்கொண்டிருந்தேனே தவிர, அது எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செய்யப்பட்டது என்று நான் யோசித்ததே இல்லை.

வரும் வழியில் மெதுவாகக் கேட்டேன். "கை அழுக்காக இருந்தது அப்பா. அழுக்குக் கையோடு எதையும் தொடாதே என்று நீதானே சொன்னாய்?"

நான்தான் சொன்னேன்.

ஜனவரி 12, ஞாயிறு

காசிமேட்டுக்கு, என் அம்மா வீட்டுக்குப் போனோம். "நெத்திலிக் கருவாட்டை முறுகலாக வறுத்துக் கொடுடா, பிள்ளை தின்னாமல் எங்கே போவான்" என்றாள். கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டு ஒரு தட்டையே காலி செய்தான். முள்ளோடு போகிறது, சுண்ணாம்புச் சத்துக்குக் குறையில்லை. ஆனால் அதைப் பள்ளிப்பையில் போட்டனுப்பினால் தெருப் பூனைகள் எல்லாம் ஐந்தாம் வகுப்பு வரை இவனோடு படிக்க வந்துவிடும்.

பொருவிளங்காய் உருண்டை செய்து தருவதாகவும் அம்மா வாக்குக் கொடுத்திருக்கிறாள். மாதக்கணக்கில் கெடாது, உதிராது, பையில் எங்கும் ஒட்டாது. கடிக்கத்தான் அரை மணி நேரம் வேண்டும்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பனங்கிழங்குக் கட்டு ஒன்று வாங்கி அவித்தேன். நார் உரிப்பதும் நடுக்குருத்தை இழுப்பதும் இவனுக்கு விளையாட்டாகிவிட்டது. ஒரு கிழங்குக்கு இருபது நிமிடம், இரண்டு கை. விடுமுறை நாளுக்குச் சரி.

ஜனவரி 20, திங்கள்

பரணில் பழைய எவர்சில்வர் பிளாஸ்க் கிடைத்தது. இவன் கைக்குழந்தையாக இருந்தபோது பால் கொண்டுபோனது. மூடியே குவளை. கட்டைவிரலால் திருகிவிடலாம். ஒரு கையால் மூடியில் கொட்டி, அப்படியே வாயில் போடலாம். எனக்கே என்னை மெச்சத் தோன்றியது.

அந்தப் பெருமையில் கொண்டைக்கடலைச் சுண்டல் செய்து, தேங்காய் வேறு துருவிப் போட்டேன். காலை எட்டு மணிக்கு அடைத்தது மாலை ஐந்துக்குத் திறக்கும்போது எப்படி இருக்கும்? மோந்து பார்த்துவிட்டுக் கொட்டிவிட்டானாம். வந்ததும் அதைச் சொல்லிக் காட்டினான். இந்த முறை அவன் பக்கம்தான் நியாயம். அவித்தது எதுவும் இவ்வளவு நேரம் மூடிய பாத்திரத்தில் கிடக்கக் கூடாது. தேங்காய் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சுண்டல் இனி நான் நேரில் கொண்டுபோகிற நாட்களில் மட்டும்.

ஜனவரி 22, புதன்

வாணலியில் கரண்டியைத் தட்டிக்கொண்டு தள்ளுவண்டி வருமே, அந்தக் கடலைக்காரரைப் பிடித்தேன். சூடான மணலில் வறுத்த வேர்க்கடலை, தோலோடு வறுத்த கொண்டைக்கடலை. வீட்டில் பொட்டுக்கடலையும் பொரியும் இருந்தன. உப்பு வேண்டாம் என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஆறிய பிறகு அடையுங்கள் சார். நம் ஊர்க் கடற்காற்றுக்கு ஒரு ராத்திரியில் நமுத்துவிடும்" என்றார். வேர்க்கடலையில் கிட்டத்தட்ட கால் பங்கு புரதம். ஒரு பிடி தின்றால் ஆறரை வரை தாங்கும். இனிப்புக்காகப் பன்னிரண்டு உலர்திராட்சையும் போட்டேன்.

ஒரே ஒரு கட்டளை. ஓடிக்கொண்டே தின்னக் கூடாது, உட்கார்ந்து மென்று விழுங்க வேண்டும். கடலை மூச்சுக்குழாயில் இறங்கினால் விளையாட்டல்ல. பயிற்சியாளரிடமும் சொல்லி வைத்தேன். அதற்காகவே ஐந்து நிமிடத்தை எட்டு நிமிடமாக்கினார், நல்ல மனிதர்.

பிளாஸ்க் காலியாக வந்தது. முழுக்கக் காலி என்று சொல்ல முடியாது. அடியில் திராட்சை பன்னிரண்டும் இருந்தன.

ஜனவரி 28, செவ்வாய்

ஒரு புதிய உணவைப் பிள்ளை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து முறைகூட வைக்க வேண்டியிருக்கும் என்பார்கள். வற்புறுத்தாமல் வைக்க வேண்டுமாம். அந்த இரண்டாவது பாதிதான் எனக்குக் கடினம். வியாழன், வெள்ளி, திங்கள் மூன்று நாளும் பன்னிரண்டு போட்டேன், பன்னிரண்டும் திரும்பின. எதுவும் கேட்கவில்லை. நள்ளிரவு இரண்டு மணிக்குத் துறைமுகத்தில் தேநீரோடு நானே தின்று தீர்த்தேன்.

இன்றும் பன்னிரண்டு போட்டேன். பணிக்குக் கிளம்பும்போது பிளாஸ்க்கைக் கவிழ்த்து எண்ணினேன். 11 இருந்தன. மைதானத்தில் ஒன்று விழுந்திருக்கவும் கூடும். அவனை எழுப்பிக் கேட்கலாமா என்று பார்த்தேன். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். பதினொன்றையும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் பிடிக்க நடந்தேன்.