உங்களுக்குப் பிடித்த ஆசிரியர் யார்?

எங்கள் பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்தின் இந்த மலருக்குக் கொடுக்க எங்கள் வகுப்புப் படம் ஒன்றை என் பழைய மின்னஞ்சலில் பத்திரமாக வைத்திருந்தேன். போன மாதம் அதை எடுக்கப் போனால் கடவுச்சொல் மறந்துவிட்டது. நினைவில் இருந்ததையெல்லாம் அடித்துப் பார்த்தேன். கடைசியில் திரையில் ஒரு கேள்வி வந்தது: "உங்களுக்குப் பிடித்த ஆசிரியர் யார்?"

பல வருடங்களுக்கு முன் நானே தேர்ந்தெடுத்த பாதுகாப்புக் கேள்விதான். பதிலும் தெரியும். கணக்கு வாத்தியார், வேறு யார்! ஆனால் அவர் பெயரை அன்று எப்படி எழுதினேன்? அந்தக் காலத்தில் எனக்குக் கணினியில் தமிழ் அடிக்க வராது. ஆங்கில எழுத்தில் அவர் பெயரைப் பல விதமாக எழுதலாம். ஒரு 'ஏ'யா இரண்டு 'ஏ'யா, நடுவில் 'எச்' உண்டா, இனிஷியல் முன்னாலா பின்னாலா, புள்ளி வைத்தேனா? ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் மின்னஞ்சல் கணக்கே பூட்டிக்கொண்டது. மறுநாள் வரை காத்திருக்கச் சொன்னது.

கணினியில் கடவுச்சொல் வந்த கதையே பள்ளிக்கூடக் கதை மாதிரிதான். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் பலர் ஒரே கணினியைப் பங்கிட்டுப் பயன்படுத்தினார்கள். ஒருவர் கோப்பை இன்னொருவர் பார்க்காமலிருக்க, பெர்னாண்டோ கோர்பாட்டோ என்பவரின் குழு கடவுச்சொல்லைக் கொண்டுவந்தது. 1962இலேயே அங்கிருந்த ஆய்வு மாணவர் ஒருவர், தனக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமல், எல்லாருடைய கடவுச்சொற்களையும் அச்சடித்து எடுத்துவிட்டார். கடைசி வரிசை மாணவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

பெரிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்து எழுது, அடிக்கடி மாற்று என்று நம்மைப் பாடாய்ப் படுத்திய விதிகளுக்கு வழிவகுத்த ஆவணம் 2003இல் எழுதப்பட்டது. எழுதியவர் பில் பர் என்ற அமெரிக்க அரசு ஊழியர். 2017இல் அவரே, தான் சொன்னதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக வெளிப்படையாகச் சொன்னார். அந்த வருடமே விதிகளும் திருத்தப்பட்டன. காரணமில்லாமல் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லாதே என்றார்கள். 'பிடித்த ஆசிரியர் யார்' மாதிரியான பாதுகாப்புக் கேள்விகளையும் வேண்டாம் என்று தள்ளினார்கள். தப்பை இப்படி ஒப்புக்கொண்ட மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

சரி, என் கதைக்கு வருகிறேன். அன்றிரவு வகுப்பு வாட்ஸப் குழுவில், "நம்ம கணக்கு சார் பேருக்கு ஆங்கிலத்தில் என்ன ஸ்பெல்லிங்?" என்று கேட்டேன். ஆறு பேர் ஆறு விதமாக எழுதினார்கள். அப்புறம் ஸ்பெல்லிங்கை எல்லாரும் மறந்துவிட்டோம். வட்டம் போடக் காம்பஸ் வேண்டாம் அவருக்கு, ஒரே வீச்சு போதும் என்றான் ஒருவன். விடை தப்பாக இருந்தாலும் வழிமுறைக்கு மதிப்பெண் போடுவாரே என்றாள் இன்னொருத்தி. உண்மைதான். மூன்று வரி சரியாக எழுதி நான்காவது வரியில் சறுக்கியவனுக்கும் அவரிடம் மூன்று மதிப்பெண் உண்டு. கணக்கில் நான் தேறியதே அந்த மதிப்பெண்களால்தான். கணினிக்கு வழிமுறை கண்ணில் படாது. ஒரு புள்ளி விட்டாலும் பூஜ்யம்தான்.

பின்னிரவு இரண்டு மணி வரை பேசினோம். பள்ளியை விட்ட பிறகு அத்தனை பேரும் ஒன்றாகப் பேசியது அன்றைக்குத்தான்.

காலையில் எழுந்தபோது ஒருவன் தன் பழைய மதிப்பெண் அட்டையைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். அதில் சாரின் கையெழுத்து. இரண்டு 'ஏ', 'எச்' இல்லை, இனிஷியல் பின்னால், அதன்பின் ஒரு புள்ளி. அப்படியே அடித்தேன். திறந்துவிட்டது.

படத்தைச் சங்கத்துக்கு அனுப்பிவிட்டேன். இரண்டாம் வரிசையின் ஓரத்தில், சட்டைப் பையில் சாக்பீஸ் தூளோடு நிற்கிறார் பாருங்கள், அவர்தான்.